மீட்டர் காட்டும் வேகமும் செயற்கைக்கோள் காட்டும் வேகமும்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரை ராமநாதபுரம் கடலோர வாசகர்கள் அனுப்பிய பல கடிதங்களில் ஒரே சந்தேகம் வெவ்வேறு உருவில் வந்திருக்கிறது. கார் மீட்டர் ஒரு வேகம் காட்டுகிறது, செல்போன் வேறொன்று காட்டுகிறது, எதை நம்புவது? இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: புதுக் கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ராமநாதபுரம் போகிற வழியில் மீட்டரில் 80 காட்டும்போது செல்போன் மேப்பில் 76 காட்டுகிறது. ஷோரூமில் கேட்டால் "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்கிறார்கள். மீட்டர் பழுதா? (வாசகர், உச்சிப்புளி)

பழுது இல்லை. ஷோரூமில் சொன்னது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐ.நா.வின் வாகன விதி எண் 39 கார் ஸ்பீடோமீட்டருக்கு இரண்டு எல்லை வகுத்திருக்கிறது. உண்மையான வேகத்தைவிட மீட்டர் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஒன்று. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கி.மீ.யும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. இதன்படி கார் உண்மையில் 60-ல் ஓடும்போது மீட்டர் 60 முதல் 70 வரை எதைக் காட்டினாலும் சரி. 80-ல் ஓடினால் 92 வரை, 100-ல் ஓடினால் 114 வரை இடம் உண்டு. உங்கள் கார் 76-ல் ஓடி 80 காட்டுகிறது. அந்த வேகத்துக்கு 87 வரை அனுமதி இருக்க, உங்களுடையது வெறும் 4 கி.மீ. வித்தியாசம். நல்ல மீட்டர் என்றே சொல்லலாம்.

கார் நிறுவனம் ஏன் வேண்டுமென்றே கூட்டி வைக்கிறது? காருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டுமே தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று தொழிற்சாலையில் எழுதி வைத்த எண்ணால் பெருக்கித்தான் வேகம் வருகிறது. ஆனால் புது டயரும் தேய்ந்த டயரும் ஒரே சுற்றளவில் இருப்பதில்லை. ஒரே அளவு எழுதிய இரண்டு நிறுவனங்களின் டயர்களிலும் சிறு வேறுபாடு உண்டு. இதில் எந்தச் சேர்க்கை வந்தாலும் மீட்டர் குறைத்துக் காட்டிவிடக் கூடாது. அதனால் பாதுகாப்புக்காகச் சில சதவீதம் மேலே தள்ளி வைக்கிறார்கள். குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பி ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வேகமாகப் போய்விடுவதைவிட, கூட்டிக் காட்டும் மீட்டரை நம்பி இரண்டு நிமிடம் தாமதமாகப் போவது எவ்வளவோ மேல். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 60-க்குப் பதில் 57.5-ல் போவதால் கூடும் நேரம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் இடைவிட்டும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி வரும். மீட்டர் காட்டும் எண்ணை வைத்தே ஒலி எழுப்பும் கார் என்றால், உங்கள் காரில் உண்மை வேகம் 76-ஐத் தாண்டும்போதே ஒலி கேட்கும். அதையும் பழுது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: என் காரில் வித்தியாசம் சரியாக எவ்வளவு என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், தேவிபட்டினம்)

முடியும். செலவே இல்லை. காரில் இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுபவர் சாலையையும் மீட்டரையும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யும் சோதனைக்கு நாங்கள் வழி சொல்ல மாட்டோம்.

முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரியாக அடித்துக்கொள்ளுங்கள். போனில் இருப்பிட வசதியைத் துல்லியமான நிலையில் வையுங்கள், பேட்டரி சிக்கன முறையை அணைத்துவிடுங்கள். வேகம் காட்டும் செயலியைத் திறந்து, கார் நிற்கும்போதே இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். போனை முன் கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் வைக்க வேண்டும். சட்டைப்பையிலோ கையுறைப் பெட்டியிலோ வைத்தால் வானம் மறைந்துவிடும்.

இடம் நேராக, சமதளமாக, மேலே மரக்கூரை இல்லாமல் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிந்த பிறகு போக்குவரத்து குறைந்த நேரம் நல்லது. பலருக்கும் தனுஷ்கோடிச் சாலைதான் நினைவுக்கு வரும். இரு பக்கமும் கடல், கட்டடம் ஏதும் இல்லை, செயற்கைக்கோளை வைத்து இடமும் வேகமும் சொல்லும் ஜிபிஎஸ்ஸுக்கு அதைவிடத் திறந்த வானம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் காற்று அள்ளிக் கொட்டும் மணல் சாலையில் படிந்திருக்கும், சுற்றுலா வந்தவர்கள் எங்கும் இறங்கி நடப்பார்கள். அங்கே 40-க்கு மேல் சோதனை செய்ய வேண்டாம். பாம்பன் அன்னை இந்திரா காந்தி பாலமும் வேண்டாம். இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் வண்டி நெரிசலில் சீரான வேகம் பிடிக்க முடியாது.

மீட்டர் முள் 40-ல் நிற்கும்படி பத்து விநாடியாவது ஆடாமல் ஓட்டுங்கள். முதல் ஐந்து விநாடியை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஐந்து எண்களைப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். பிறகு 60, சாலை அனுமதித்தால் 80. ஒவ்வொரு வேகத்திலும் மூன்று முறை. வேகத்தைத் தானே சீராகப் பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கால் நடுக்கம் கணக்கில் சேராது. முள் வைத்த மீட்டரை ஓட்டுபவர்தான் படிக்க வேண்டும். இடப்பக்க இருக்கையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் வேறு கோட்டில் நிற்பதுபோலத் தெரியும். அந்தப் பிழையே இரண்டு கி.மீ. வரும்.

ஜிபிஎஸ்ஸை நம்பாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல். மீட்டரில் 60 வைத்து ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் உண்மை வேகம் வந்துவிடும். 60 விநாடி என்றால் மீட்டர் துல்லியம். 63 என்றால் 57.1, 64 என்றால் 56.3. ஒரே கல்லோடு நிறுத்தாதீர்கள். சாலையை அகலப்படுத்தும்போது கற்கள் இடம் மாறியிருக்கும், ஒன்றிரண்டு 30 மீட்டர் தள்ளிக்கூட நட்டிருப்பார்கள். ஐந்து கிலோமீட்டரைச் சேர்த்து அளந்தால் கல் பிழையும் கைப்பிழையும் அடங்கிவிடும். 300 விநாடிக்குப் பதில் 315 ஆனால் உண்மை வேகம் 57.1, மீட்டர் 5 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று பொருள்.

வந்த விடையை ஒரு துண்டுக் காகிதத்தில் "60 என்றால் 57, 80 என்றால் 76" என்று எழுதிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் மாற்றும்போது மீண்டும் பாருங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் என் வீட்டையே பக்கத்துத் தெருவில் காட்டுகிறது. ஐந்து மீட்டர், பத்து மீட்டர் தப்பாகக் காட்டும் ஒன்று வேகத்தை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும்? (வாசகர், ராமேஸ்வரம்)

அருமையான கேள்வி. பலரும் நினைப்பதுபோல, இங்கிருந்து அங்கே போனோம், இடையில் இத்தனை மீட்டர் என்று கழித்துப் பார்த்து மட்டும் ஜிபிஎஸ் வேகம் கண்டுபிடிப்பதில்லை.

நிலையத்துக்குள் வரும் ரயிலின் ஊதல் ஓசை உச்சத்தில் கேட்கும், கடந்து போனதும் இறங்கிவிடும். அதுவே டாப்ளர் விளைவு. செயற்கைக்கோளின் அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 19 சென்டிமீட்டர். செயற்கைக்கோளும் காரும் ஒன்றை ஒன்று நெருங்கும் வேகத்தில் ஒரு கி.மீ. கூடினாலே, வந்து சேரும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ ஒன்றரை ஹெர்ட்ஸ் மாறும். போனில் இருக்கும் சிப் அந்த மாற்றத்தை அளந்துவிடும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து இப்படி அளந்து காரின் வேகத்தைக் கணக்கிடுகிறது. இடத்தைத் தவறாக்கும் காரணங்களான வளிமண்டலத் தாமதம் போன்றவை ஒரு விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் இடையில் அதிகம் மாறுவதில்லை. அதனால் அவை வேகத்தைப் பெரிதாகத் தொடுவதில்லை. திறந்த வானத்தின் கீழ், சீராக ஓடும் காரில், நல்ல போன் காட்டும் வேகம் அரை கி.மீ. அளவுக்குள் உண்மையாக இருக்கும்.

ஆனால் "திறந்த வானம்", "சீராக ஓடும்" என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான போன்கள் விநாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைப் புதுப்பிக்கும். எண் குதிக்காமல் இருக்கச் செயலி அதையும் சராசரி ஆக்கும். நீங்கள் பிரேக் போட்டு 30-க்கு வந்த பிறகும் போன் 45 காட்டிக்கொண்டிருக்கும். வேகம் கூடும்போதும் குறையும்போதும் கார் மீட்டரே முந்திச் சொல்லும், அப்போது போனைப் பார்க்கவே கூடாது. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மதிலிலும் விடுதிக் கட்டடங்களிலும் அலை பட்டுத் திரும்பி வரும். அங்கே நின்ற கார் 6 கி.மீ. வேகத்தில் போவதாகக் காட்டலாம்.

பாலம் ஏறும்போது ஜிபிஎஸ் தப்பாகுமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். கிடைமட்ட வேகத்தை மட்டும் காட்டும் செயலியாக இருந்தாலும், நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் வரும் பிழை 0.12 சதவீதம்தான். கவலை வேண்டாம்.

தனுஷ்கோடியில் செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா என்றால், செய்யும். அதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. வரைபடம் தான் இறங்காது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் போனை அணைத்து மறுபடி போட்டால், செயற்கைக்கோள்களைப் பிடிக்க அரை நிமிடமோ சில நிமிடமோ ஆகும். புறப்படும் இடத்திலேயே செயலியைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விசைப்படகில் இருக்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவியைக் காரில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் 60 காட்டும்போது அது 31 காட்டுகிறது. கடலில் இத்தனை வருடம் தப்பே காட்டியதில்லையே? (வாசகர், மண்டபம்)

கருவி இங்கும் தப்பே காட்டவில்லை. அது நாட் கணக்கில் சொல்கிறது. ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. 31-ஐ 1.852-ஆல் பெருக்கினால் 57.4. மீட்டர் 60. வித்தியாசம் இரண்டரை கி.மீ., எல்லாக் கார்களிலும் இருப்பதுதான். கருவி தசம எண் இல்லாமல் 31 என்று மட்டும் காட்டினால், அதில் முன்னும் பின்னும் ஒரு கி.மீ. அளவு தெளிவின்மை இருக்கும். சோதனைக்கு முன் அமைப்புப் பக்கத்தில் அலகை கி.மீ.க்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் முன் மறக்காமல் நாட் அலகுக்குத் திருப்பிவிடுங்கள். தூரமும் அதே அலகில் மாறியிருக்கும். எல்லைக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிற கருவியில் அலகு குழம்பினால் அது காரில் வரும் பிழை போல் சின்ன விஷயம் இல்லை.

கடலில் அந்தக் கருவி காட்டுவது தரைக்கு எதிரான வேகம். நீரோட்டம் தள்ளுவதும் அதில் சேர்ந்தே வரும். சாலை நகர்வதில்லை என்பதால் காரில் அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: பொலிரோவில் மணலுக்கு நல்லது என்று 215/75 ஆர் 15 டயரை மாற்றி 235/75 ஆர் 15 போட்டேன். மீட்டர் 80-ஐத் தாண்டவே இல்லை, ஆனால் வேகம் 82 என்று அபராதச் சீட்டு வந்தது. மீட்டர் எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்கிறார்களே? (வாசகர், சாயல்குடி)

நிறுவனம் போட்ட டயருக்குத்தான் அந்த உத்தரவாதம். கணக்கைப் பார்ப்போம். டயரில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீத உயரம், மூன்றாவது அங்குலத்தில் ரிம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

பழைய டயர்: 215-ல் 75 சதவீதம் 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம், 381. மொத்த விட்டம் 703.5 மி.மீ.

புது டயர்: 235-ல் 75 சதவீதம் 176.25. இருமடங்கு 352.5. அதோடு 381 சேர்த்தால் 733.5 மி.மீ.

விட்டம் 4.3 சதவீதம் கூடிவிட்டது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. முன்பு மீட்டர் 80 காட்டும்போது உண்மை 79 என்று இருந்திருந்தால் இப்போது 82-க்கு மேல். உங்கள் சீட்டில் இருக்கும் எண்ணோடு அது பொருந்துகிறது. மீட்டர் 80-ல் இருந்தது என்ற வாதம் இங்கே நிற்காது. பெரிய டயர் போட்டது உங்கள் பொறுப்பு.

வேகத்தோடு முடிவதில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்து எண்ணும். 10,000 காட்டும்போது உண்மையில் 10,430 ஓடியிருக்கும், ஆயில் மாற்றும் கணக்கு பின்தங்கும். அகலம் கூடியதால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்பக்கம் உரசுகிறதா என்று பாருங்கள். எங்கள் கருத்து பழைய அளவுக்கே திரும்புவதுதான். சில கார்களில் சர்வீஸ் நிலையத்தின் ஸ்கேன் கருவி மூலம் டயர் சுற்றளவை மாற்றி எழுத வழி உண்டு. நிறுவனம் அனுமதித்த அளவுகளுக்கு மட்டுமே அதைச் செய்வார்கள். வெளியில் மீட்டரைக் கழற்றித் திருத்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒரே வண்டிக்கு நிறுவனமே இரண்டு அளவு தருவதையும் பாருங்கள். மாருதி ஸ்விஃப்டில் 165/80 ஆர் 14 டயரின் விட்டம் 619.6 மி.மீ., 185/65 ஆர் 15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் 0.3 சதவீதம்தான். ரிம் பெரிதானாலும் பக்கச் சுவர் சிறிதாகி ஈடுகட்டுகிறது. டயர் மாற்றும்போது இந்தக் கணக்கு ஒரு சதவீதத்துக்குள் வர வேண்டும், இரண்டைத் தாண்டினால் வேண்டாம். விலை மலிவு என்று அதே ஸ்விஃப்டில் 175/65 ஆர் 14 போட்டால் விட்டம் 583 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் இருக்கிற பிழைக்கு மேல் இன்னும் 6 சதவீதம் கூட்டும், வண்டியின் அடிப்பாகமும் 18 மி.மீ. தரைக்கு இறங்கும்.

கேள்வி: டயர் பட்டன் தேய்ந்தாலும் காற்று குறைந்தாலும் மீட்டர் மாறுமா? (வாசகர், திருப்புல்லாணி)

தேய்ந்தால் மாறும். புது டயரில் பட்டன் ஆழம் 8 மி.மீ. என்று கொண்டால், சட்டப்படி மாற்ற வேண்டிய 1.6 மி.மீ.க்கு வரும்போது விட்டம் 12.8 மி.மீ. குறைந்திருக்கும். அது சுமார் 2 சதவீதம். மீட்டர் அந்த அளவு இன்னும் கூட்டிக் காட்டும். அதனால் டயர் மாற்றியதும் "வண்டி பழைய மாதிரி ஓடவில்லை, மீட்டர் குறைகிறது" என்று தோன்றும். ஓடுவது அதே வேகம்தான்.

காற்று விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட மாற்றம் சிறியது. ரேடியல் டயரின் உள்ளே எஃகுப் பட்டி சுற்றியிருக்கிறது, அதன் நீளம் காற்றுக்காகச் சுருங்காது. 33-லிருந்து 25-க்கு இறங்கினாலும் ஒரு சுற்றில் போகும் தூரம் ஒரு சதவீதம்கூட மாறாது. ஆனால் டயர் சூடாகும், ஓரம் தேயும், வெயிலில் வெடிக்கவும் செய்யும். காற்றைச் சரியாக வைக்க வேண்டிய காரணம் மீட்டர் இல்லை, உயிர்.

கேள்வி: வாடகைக் காரில் வந்தோம். காரின் ஓடோமீட்டர் 204 காட்டியது, என் போன் 199 காட்டியது. எதற்குப் பணம் கொடுப்பது? (வாசகர், தொண்டி)

வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது என்ற விதி தூரத்துக்கு இல்லை. அதனால் பல கார்களில் வேகம் 5 சதவீதம் கூடினாலும் தூரம் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் நிற்கும். பழைய கேபிள் வண்டிகளிலேயே இது இரண்டு தனி வேலைகள். காந்தம் சுழன்று அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, சுருள் வில் அதைத் தடுக்க, முள் நிற்கும் இடம் வேகம். வில் தளர்ந்தால் முள் தவறும். தூரமோ பற்சக்கரங்களால் எண்ணப்படுவது, அது தளராது.

உங்கள் கணக்கில் 5 கி.மீ. என்றால் இரண்டரை சதவீதம். தேய்ந்த டயரே அதைச் செய்யும். போனும் வளைவுகளில் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டுச் சற்றுக் குறைத்துச் சொல்லும். உண்மை இரண்டுக்கும் நடுவில். மீட்டர்படி என்று பேசியிருந்தால் மீட்டர்படி கொடுங்கள், ஓட்டுநர் ஏமாற்றியதாக எண்ண வேண்டியதில்லை. 10 சதவீதம் என்றால்தான் கேட்க வேண்டும்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் மைலேஜ் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். 500 கி.மீ.க்கு 28 லிட்டர் என்றால் 17.9. ஓடோமீட்டர் 2 சதவீதம் கூட்டுவதாகக் கண்டிருந்தால் உண்மையில் 490 கி.மீ., மைலேஜ் 17.5.

கேள்வி: மீன் ஏற்றும் வண்டி. சில நாளாக ஸ்பீடோமீட்டர் முள் துடிக்கிறது, திடீரென்று சுழிக்கு விழுந்து எழுகிறது. ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது. ஜிபிஎஸ் சீராகத்தான் காட்டுகிறது. (வாசகர், கீழக்கரை)

இது உண்மையான பழுது. கடலோரத்தில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். இன்றைய பல வண்டிகளில் வேகத் தகவல் சக்கரத்தில் இருக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரிலிருந்து வருகிறது. ஆக்சில் தண்டில் பல் வைத்த வளையம் ஒன்று சுழலும். சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சார் அந்தப் பற்களை எண்ணும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அதோடு உப்புக்காற்று, சாலையில் படியும் ஈர மணல். வளையத்துக்கு அடியில் துரு பிடித்து உப்பினால் வளையம் விரிந்து ஒரு இடத்தில் வெடித்துவிடும். வெடிப்பு சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பல் குறைந்ததுபோல் ஆகிறது. நிற்கப் போகும் தறுவாயில், 10 அல்லது 15 கி.மீ. வேகத்தில், பிரேக் பெடல் காலுக்கடியில் நடுங்கினால் வளையம் வெடித்திருப்பதற்கு அதுவே பெரிய அடையாளம்.

மெக்கானிக்கிடம் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் கருவியில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாகத் திறந்து, 20-ல் நேராக ஓட்ட வேண்டும். மற்ற மூன்றும் 20 காட்ட, ஒன்று மட்டும் விட்டு விட்டு விழும். அந்தச் சக்கரம்தான். கழற்றியதும் முதலில் ஒயர் இணைப்பைப் பாருங்கள். உள்ளே பச்சைப் பாசி போலப் பூத்திருந்தால் செம்பு அரித்துவிட்டது என்று பொருள். லேசாக இருந்தால் சுத்தம் செய்து காயவைக்கலாம், ஊசி அரித்திருந்தால் இணைப்பையே மாற்ற வேண்டும். இணைப்பு நன்றாக இருந்தால் வளையத்தைக் கையால் சுற்றி வெடிப்பு, துரு, இரும்புத்தூள் பாருங்கள். கடைசியில்தான் சென்சார். பழைய வகைச் சுருள் சென்சாரை ஓம் மீட்டரால் சோதிக்கலாம், ஏறத்தாழ ஆயிரம் ஓம் வரும். புது வகை ஹால் சென்சாரை அப்படிச் சோதிக்கக் கூடாது, கெட்டுவிடும். வளையத்தைப் பார்க்காமல் சென்சாரை மட்டும் மாற்றிப் பணத்தை விடுபவர்கள் அதிகம்.

சில வண்டிகளில் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும். அப்போது ஏபிஎஸ் விளக்கு எரியாது, முள் மட்டும் துடிக்கும். இரு சக்கர வாகனத்தில் முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வகை என்றால், கேபிளுக்குள் கிரீஸ் காய்ந்து உப்பு ஏறியதுதான் பெரும்பாலும் காரணம்.

வராமல் தடுக்க, வாரம் ஒரு முறை சக்கரங்களின் உள்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அதிவேகக் குழாயை சென்சார் இணைப்புக்கு நேரே பிடிக்க விடாதீர்கள், அழுத்தத்தில் ரப்பர் மூடியைத் தாண்டி நீர் உள்ளே போகும். உப்புத் தண்ணீர் கிணற்றில் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். மீன் பெட்டி ஒழுகும் துளைக்கு ஒரு குழாய் மாட்டிச் சக்கரத்துக்கு வெளியே போகும்படி திருப்பிவிடுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் கார் சிக்கியது. கார் அசையவே இல்லை, மீட்டர் 35 காட்டியது. (வாசகர், பெரியபட்டினம்)

இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் மணலில் சும்மா சுழன்றன. அதைத்தான் மீட்டர் சொன்னது. ஜிபிஎஸ் சுழி காட்டியிருக்கும். அந்தச் சுழற்சியை ஓடோமீட்டரும் தூரமாகச் சேர்த்திருக்கும். முள் ஏறுவதைப் பார்த்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஒவ்வொரு விநாடியும் சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும்.

கேள்வி: கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது மீட்டர் அதிகம் காட்டுமா? (வாசகர், பாம்பன்)

காட்டாது. மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் தரைக்கு எதிரான வேகத்தையே சொல்கின்றன. எதிர்க்காற்றில் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சீரான வேகம் பிடிப்பது கடினம். சோதனையைக் காற்று எழாத அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுற்றுலா வேன் வைத்திருக்கிறேன். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-க்கு வைத்தது. ஓட்டுநர் மீட்டரில் 84 என்கிறார். டிராக்கர் 79 காட்டுகிறது. ஒருநாள் ராமேஸ்வரத்துக்குள் 104 என்று பதிவாகியிருக்கிறது. ஓட்டுநரைக் கண்டிக்கலாமா? (வாசகர், ஏர்வாடி)

84-க்கும் 79-க்கும் கண்டிக்க எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுக் கருவி 80-ஐத் தாண்டவிடவில்லை, டிராக்கர் செயற்கைக்கோளை வைத்து அதையே சொல்கிறது, மீட்டர் வழக்கம்போல் கூட்டுகிறது. மூன்றும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்கின்றன.

104-ஐப் பார்க்கும் முன் பதிவைத் திறந்து அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். 18, 104, 16 என்று ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளியிருந்தால் அது கட்டடங்களில் பட்டுத் திரும்பிய அலை. எந்த வேனும் ஒரு புள்ளியில் 18-லிருந்து 104-க்கு ஏறி, அடுத்த புள்ளியில் 16-க்கு இறங்காது. வரைபடத்தில் அந்தப் புள்ளி சாலையை விட்டுத் தள்ளி விழுந்திருக்கும், அதுவும் ஒரு சான்று. 62, 78, 91, 104 என்று படிப்படியாக ஏறியிருந்தால் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒயரை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்போது ஓட்டுநரோடு பேசுங்கள், அதற்கு முன் கருவியின் முத்திரை உடைந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.